திருமலையில அம்மாவின்ர ஸ்கானும் ஒரு ஜெல் போத்தலும்

மூண்டு கிழமை லீவில ஊருக்கு போனனான், கோணேசர் கோயில், நிலாவெளி எண்டு பிளான் போட்டதுதான், ஆனா இறங்கி நாலாம் நாளே அம்மாவுக்கு வயித்துக்குத்து, டொக்டர் பித்தப்பையில கல்லோ தெரியேல்ல எண்டு ஸ்கானுக்கு எழுதித் தந்திட்டார். டவுனுக்குள்ள ஒரு பிரைவேட் இடம், பேர் வேணாம். அரை மணித்தியாலத்தில கூப்பிட்டிட்டினம், லண்டன்ல கிழமைக்கணக்கா நிக்கோணும், அதில குறை சொல்ல ஒண்டுமில்ல.

நான் லண்டன்ல ஸ்கான் பகுதியிலதான் வேலை, அதால கண் சும்மா இருக்காது. திரைக்கு இஞ்சால அடுத்த ஆளை இருத்தி வைக்கினம், எல்லாம் தெரியும். முன்னால போனவவின்ர வயித்தில வைச்ச புரோப்பை, அதான் ஸ்கான் மெஷினில உடம்பில வைக்கிற கருவியை, மேசையில கிடந்த துவாயால ஒரு இழுவை, அவ்வளவுதான். துவாய் ஈரம், ஓரமெல்லாம் மஞ்சள். எனக்கு அதைவிட பயம் ஸ்கானுக்கு தோலில பூசிற ஜெல் போத்தலில, பெரிய கானில இருந்து ஊத்தி ஊத்தி நிரப்பினது, வாயில பழைய ஜெல் காஞ்சு பொருக்கா நிக்குது.

ஜெல்லுக்குள்ள கிருமி வளருமெண்டு கனபேருக்கு தெரியாது. 2021ல அமெரிக்காவில ஒரு கொம்பனி ஜெல்லால பேர்க்கொல்டேரியா எண்ட கிருமி நோயாளியளின்ர ரத்தத்தில ஏறி, அந்த ஜெல்லை பாவிக்கவே வேணாமெண்டு அவையின்ர நோய்க்கட்டுப்பாட்டு மையம் சிடிசி அறிவிச்சது. காயமில்லாத தோலுக்கு மேலால செய்யிற ஸ்கானெண்டா ஜெல்லை வழிச்செடுத்து, அந்த மெஷினுக்கு ஏத்த கிருமிநாசினியால துடைச்சா காணும். ஊசி குத்திற வேலையெண்டா ஸ்டெரைல், அதாவது கிருமியே இல்லாத ஜெல் வேணும். உள்ளுக்க விட்டு பாக்கிற புரோப்தான் பெரிய விசயம், கவர் போட்டாலும் ஒவ்வொராளுக்கும் பிறகு ஹை லெவல் டிசின்ஃபெக்ஷன், அதாவது சும்மா துடைக்கிறதைவிட கடுமையான கிருமி நீக்கம், செய்யத்தான் வேணும், ஏனெண்டா கவர் கண்ணுக்கு தெரியாம கிழியும்.

"தங்கச்சி, புது டிஷூவால ஒருக்கா துடைச்சு விடுறீங்களா, அம்மாவுக்கு சுகர் இருக்கு" எண்டு கேட்டன். பிள்ளையின்ர முகம் கறுத்திட்டு, ஆனா துடைச்சா, கையும் கழுவினா. ஜெல்லைப் பற்றி வாய் திறக்க முதல் அம்மா நுள்ளிட்டா. ஓட்டோவில ஏறினோன்ன, "வந்த இடத்தில உனக்கேன் வாய், நாளைக்கும் நாங்கதானே இஞ்ச போறது" எண்டு ஏச்சு. அதுவும் நியாயம்தான்.

நெஞ்சு எக்ஸ்ரேக்கு போன மற்ற இடம் பழைய கட்டடம், சுவரெல்லாம் பூஞ்சணம். ஆனா இருமிறவையை மாஸ்க் குடுத்து வெளியில மரத்துக்கு கீழ இருத்தியிருந்தவை, ஜன்னலெல்லாம் திறந்தபடி, நெஞ்சில வைக்கிற பிளேட்டுக்கு ஆளுக்கொரு புது பொலித்தீன்.

அடுத்த கிழமை திரும்ப ஸ்கானுக்கு அதே பிரைவேட் இடம். படுக்க முதல் அம்மா ஹேண்ட்பேக்கில இருந்து புது டிஷூ பெட்டியை எடுத்து அந்தப் பிள்ளையிட்ட நீட்டினா, என்னைப் பாக்கவே இல்ல.