சேலைகளுக்கு அடியில் இருந்த ஸ்கான் ரிப்போர்ட்

மூன்று கிழமை லீவில் ஒரு கலியாணத்துக்காகத்தான் கொழும்புக்குப் போனேன். ஏழு கிழமை நின்றுவிட்டு ஸ்காபரோ திரும்பினேன். எல்லாம் தங்கச்சிக்காக.

அவளுக்கு 47 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறாள். பெரியபிள்ளையான காலத்திலிருந்தே மாதவிடாய் வந்தால் இரண்டு நாள் படுக்கைதான். "பிள்ளை பிறந்தால் சரிவரும்" என்று அம்மாவும் சொன்னா, டொக்டரும் சொன்னார். இரண்டு பிள்ளை பிறந்தும் சரிவரவில்லை. 2014இல்தான் அது என்டோமெட்ரியோசிஸ் என்று தெரியவந்தது. கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் சூலகத்தில் வளர்ந்து, மாதாமாதம் கசிந்த இரத்தம் அங்கேயே தேங்கி, 'சொக்லேட் கட்டி' ஆகியிருந்தது. அப்போது 4 சென்ரிமீற்றர்.

இந்த முறை நோ வேறு மாதிரி இருந்தது. மாதவிடாயோடு வந்துபோகிற நோ இல்லை. எந்நேரமும் அடிவயிறு பாரம், இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி டொக்டரிடம் நேரம் எடுத்தோம். நம்பர் 31. இரவு ஒன்பதரைக்கு உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தோம். "இது பழைய கட்டிதானே அம்மா, பீரியட்ஸ் நின்றால் சுருங்கிவிடும்." பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே கனடாவில் பழைய ரிப்போர்ட்டை டொக்டரே கணினியில் எடுத்துப் பார்ப்பார். அங்கே அது எங்கள் கையில்தான் இருக்கும், தொலைத்தால் தொலைந்ததுதான். தங்கச்சி எல்லாவற்றையும் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். அந்தப் பையோடு வேறொரு பெண் டொக்டரிடம் போனோம். அவர் பழைய ஸ்கானையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டி இப்போது 9 சென்ரிமீற்றர். உட்சுவரில் முன்பு இல்லாத ஒரு திண்மமான புடைப்பு, அதற்குள் இரத்த ஓட்டம். அந்தப் புடைப்பைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். சூலகப் புற்றுநோய்க்காகப் பார்க்கிற சிஏ-125 இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பமுடியாது, என்டோமெட்ரியோசிஸிலேயே அது கூடும் என்று சொல்லி, மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னார். "ஊசி குத்தி எடுத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்டேன். புற்றுநோயாக இருந்தால் கலங்கள் வயிற்றுக்குள் சிந்திவிடும், கட்டியை உடையாமல் முழுதாகவே எடுக்கவேண்டும் என்றார்.

வாசிக்கிறவர்கள் பயப்படவேண்டாம். என்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு சூலகப் புற்றுநோய் வருவதே இல்லை. பொதுவாகப் பெண்களுக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.3 சதவீதம் அளவில், இவர்களுக்கு அது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கூடுவது இரண்டு அரிய வகைகள்: கிளியர் செல் சுமார் மூன்று மடங்கு, என்டோமெட்ரியோயிட் சுமார் இரண்டு மடங்கு. எது என்று தெரியவேண்டியது முக்கியம். கிளியர் செல் வழக்கமான பிளாட்டினம் கீமோவுக்கு அவ்வளவாக மசியாது, காலிலும் நுரையீரலிலும் இரத்தம் உறைகிற ஆபத்தும் அதில் கூட.

கட்டியை முழுதாக எடுத்துச் சோதித்ததில், தங்கச்சிக்கு வந்தது என்டோமெட்ரியோயிட், முதலாம் நிலை. அந்த முடிவு வரும்வரை பன்னிரண்டு நாள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இந்த வகையோடு கர்ப்பப்பையிலும் தனியாகப் புற்றுநோய் இருக்கலாம் என்பதால் அதையும் சோதித்தார்கள், இருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் கட்டியின் துண்டுகளைப் பதித்து வைத்த மெழுகு பிளொக்குகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கினேன். இன்னொரு நோயியல் நிபுணர் பார்க்க வேண்டுமென்றால் ரிப்போர்ட் தாள் மட்டும் காணாது.

பிறகு 138ஆம் நம்பர் பஸ்ஸில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். அரச ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம். பக்கத்தில் இருந்த அம்மா மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்திருந்தா. எனக்குச் சிங்களம் தடுமாறியபோது முன்வரிசைச் சிங்களப் பெண் ஒருத்தி தானாக எழும்பி வந்து படிவத்தை நிரப்பித் தந்தா. அவவின் கையில் கீமோ ஊசி குத்திய தழும்புகள்.

பரம்பரையாக வந்து புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறிக்கான பரிசோதனையும் செய்தோம், பிரச்சினை இல்லை. ஆனாலும் தங்கச்சியின் மகளுக்கு 15 வயது, மாதவிடாய் நோவில் மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. அந்தப் பெண் டொக்டரிடமே அவளுக்கும் நேரம் எடுத்து, அவள் பெயர் எழுதிய புதுப் பைல் ஒன்றில் முதல் ஸ்கானைப் போட்டு வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.