செம்பனைக்கு யூரியாவா, சல்பேட்டா?

மூட்டை விலையைப் பார்த்தால் அம்மோனியம் சல்பேட் மலிவு. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கணக்குப் போட்டால் யூரியா மலிவு. மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று பார்த்தால், பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா பக்கத்து மேட்டு நிலத்தில் என் ஓட்டு சல்பேட்டுக்குத்தான், தோட்டத்தில் எஸ்.ஓ.ஏ. என்பார்களே, அதற்கு.

யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு, சல்பேட்டில் 21. அதாவது 50 கிலோ மூட்டையில் 23 கிலோ, 10.5 கிலோ. காய்ப்பு மரத்துக்கு ஆண்டுக்கு 3 கிலோ சல்பேட் போடும் இடத்தில் யூரியா 1.4 கிலோ போதும். ஏக்கருக்கு 55 மரம் என்றால் மூன்றேகால் மூட்டைக்குப் பதில் ஒன்றரை மூட்டை. லோரிக் கூலியும் மேட்டில் சுமக்கும் கூலியும் பாதி. இதை மறுக்க முடியாது.

ஆனால் செம்பனைக்குப் பெரும்பாலும் உரத்தைப் புதைப்பதில்லை. மரத்தைச் சுற்றிப் புல் எடுத்த வட்டத்தில் வீசிவிட்டுப் போகிறோம். யூரியா மாட்டிக்கொள்வது இங்கேதான். காலைப் பனியில் யூரியா மணி கரைந்துவிடும், மண்ணுக்குள் இறங்க அந்த ஈரம் பத்தாது. மண்ணிலும் சருகிலும் உள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாக்கும், மணியைச் சுற்றிக் காரத்தன்மை ஏறும், வெயில் பட்டதும் காற்றோடு போய்விடும். வெட்டிப் போட்ட மட்டை அடுக்கின் மேல் வீசினால் இன்னும் மோசம். நொதி அங்கேதான் அதிகம். பழைய ஈயச்சுரங்க மணலிலும் அதே கதி, பிடித்துவைக்கக் களிமண் கிடையாது. நம் புளிப்பு மண்ணில் சல்பேட்டுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு.

யூரியாவில் 30 விழுக்காடு பறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 23 கிலோ 16 ஆகிவிடும். அப்போது சல்பேட் மூட்டை, யூரியா மூட்டை விலையில் 65 விழுக்காட்டுக்குள் கிடைத்தால் சல்பேட்டே லாபம். எதுவுமே பறக்கவில்லை என்றால் அந்தக் கோடு 46-க்கு இறங்கும். கூலி சேர்க்காத கணக்கு இது.

பாகான் டத்தோ கடலோரக் களி வேறு ரகம். அம்மோனியத்தை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். போட்ட மறுநாளுக்குள் மிதமான மழை விழுகிற மாதமாகப் பார்த்தால் அங்கே யூரியா தாராளமாகப் போடலாம். கொட்டும் மழையில் இரண்டுமே ஓடைக்குத்தான். மக்கிய தாவரங்களால் ஆன பீட் மண்ணுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். உறையிட்ட யூரியாவை நான் அதிகம் கையாண்டதில்லை, அதனால் சேர்க்கவில்லை.

உரத்தை மாற்றினால் கிண்ணத்தையும் மாற்றுங்கள். யூரியா எடை குறைவு. ஒன்றரைக் கிலோ சல்பேட் பிடிக்கும் கிண்ணத்தில் யூரியா சுமார் 1.1 கிலோதான் நிற்கும். அப்படியும் தழைச்சத்து ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். முதல் கிண்ணத்தைத் தராசில் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தால் இந்தத் தகராறு வராது.

சல்பேட்டின் குறை புளிப்பு. ஒரு கிலோ தழைச்சத்து உண்டாக்கும் புளிப்பை ஆற்ற யூரியாவுக்கு 2 கிலோவுக்கும் குறைவான சுண்ணாம்பு போதும், சல்பேட்டுக்கு 5 கிலோவுக்கு மேல் வேண்டும். வருடக்கணக்கில் வட்டத்துக்குள்ளேயே போட்டால் அங்கே மக்னீசியம் கரைந்து போகும், அடிமட்டைகள் ஆரஞ்சு நிறமாகும். காய்ப்பு மரமானால் வரிசை இடைவெளிக்கும் பரப்பி வீசுங்கள். மக்னீசியச் சுண்ணாம்பு போடுவதாக இருந்தால் சல்பேட்டோடு ஒரே சுற்றில் வேண்டாம். இரண்டும் ஒட்டினால் அம்மோனியா கிளம்பும், பிறகு யூரியாவே வாங்கியிருக்கலாம்.