பேரைக் கெடுத்தவன் மேல் எங்கே போவது: பொலிஸா, கோர்ட்டா, தலைவர் வீடா?

டேட்டிங் ஆப்பில் பழகி முறிந்த ஒருவன் பேஸ்புக்கில் உங்களைப் பற்றிக் கண்டபடி எழுதிவிட்டான் என்று வையுங்கள். தோட்டத்து லயத்தில் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பொலிஸில் என்ட்ரி போடு." தலவாக்கலையிலும் அதுதான், பண்டாரவளையிலும் அதுதான். ஆனால் இலங்கையில் அவதூறு என்பது 2002க்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவைக் குற்றம் இல்லை. அந்தப் பிரிவுகளைப் பாராளுமன்றம் அந்த வருடமே நீக்கிவிட்டது. "என்னை அவதூறாக எழுதிவிட்டான்" என்று மட்டும் சொன்னால், "அதுக்குக் கோர்ட்டுக்குப் போங்க" என்று பொலிஸார் திருப்பி அனுப்பலாம். அதில் பாதி நியாயமும் இருக்கிறது.

மீதிப் பாதிதான் நமக்கு வேலை செய்யும். இந்த மாதிரிச் சண்டையில் அவதூறு தனியாக வருவது குறைவு. "காசு போடாவிட்டால் படத்தை உன் அண்ணனுக்கு அனுப்புவேன்" என்றால் அது கப்பம் கேட்பது. "ஊருக்கு வா, பார்த்துக்கொள்கிறேன்" என்பது மிரட்டல். உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கைத் திறந்து ஆட்களிடம் காசு வாங்கினால் ஆள்மாறாட்ட மோசடி. பாஸ்வேர்டைப் பிடித்து உள்ளே நுழைந்திருந்தால் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இவையெல்லாம் பொலிஸ் எடுக்க வேண்டிய முறைப்பாடுகள். ஆகவே மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மானம் போன கதையில் தொடங்காமல், என்ன கேட்டான், எப்போது கேட்டான், எந்த நம்பரில் இருந்து கேட்டான் என்று சொல்லுங்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் கொடுக்க அரசியலமைப்பு இடம் தருகிறது. பெண்களென்றால் பெண்கள், சிறுவர் பிரிவு அதிகாரியைக் கேளுங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் இருக்கிறது.

மாவட்ட நீதிமன்றம் வேறு ரகம். அவதூறுக்கு நட்டஈடு கேட்கும் உரிமை நமக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக வந்தது, இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. எழுதியது மூன்றாவது ஆள் ஒருவரையாவது எட்டியிருக்க வேண்டும். உங்கள் இன்பொக்ஸுக்கு மட்டும் வந்த வசை எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அவதூறு ஆகாது. காலக்கெடு இரண்டு வருடம், அது தாண்டினால் கதவு மூடிவிடும். எதிராளியின் பெயரும் விலாசமும் வேண்டும். நாய்க்குட்டிப் படம் போட்ட ஃபேக் ஐடி மேல் வழக்குத் தாக்கல் செய்ய முடியாது. அவன் கட்டாரிலோ இத்தாலியிலோ இருந்தால், தீர்ப்புக் கிடைத்தாலும் காசு கிடைக்குமா என்பது வேறு கேள்வி. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொரு தவணைக்கும் நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போனால் தோட்டத்தில் அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். மலையகத்து நீதிமன்றங்களில் வேலை நடப்பது சிங்களத்தில். தமிழில் ஆவணம் கொடுக்கவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் உரிமை இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொரு விஷயத்தை வழக்குப் போடத் துடிப்பவர்கள் யோசிப்பதில்லை. கதையைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பிள்ளை மூடிய குரூப் ஒன்றில் "இவன் கல்யாணமானவன், ஆப்பில் தனி ஆள் என்று சொல்லித் திரிகிறான், கவனம்" என்று எழுதுகிறாள். அவனுக்குக் கோபம் வரும், வழக்குப் போடுவேன் என்று குதிப்பான். அவள் எழுதியது உண்மையாகவும் பொது நன்மைக்காகவும் இருந்தால் அவளுக்கு நல்ல எதிர்வாதம் உண்டு. நமது சட்டத்தில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மையும் வேண்டும். பழி தீர்க்க அவனுடைய பழைய நோயையோ குடும்பக் கதையையோ இழுத்திருந்தால், அது உண்மையாக இருந்தாலும் அவள் மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பையன் என்னிடம் கேட்டால், கல்யாணம் ஆனது நிஜமென்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்பேன். வழக்கில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

பொலிஸுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் இருப்பது சட்டத்தரணி அனுப்பும் கோரிக்கைக் கடிதம். எனக்குப் பிடித்த வழி இது. பதிவை அகற்று, மன்னிப்பை அதே இடத்தில் போடு, இத்தனை நாளுக்குள் செய்யாவிட்டால் வழக்கு என்று பதிவுத் தபாலில் போகும். அரசியல்வாதிகள் கோடிக்கணக்கில் கேட்டு அனுப்புகிறார்களே, அதே சாமான்தான். நாம் கோடி கேட்கத் தேவையில்லை. ஊரில் இருக்கும், வேலை பார்க்கும், வீட்டுக்குப் பயந்த ஆள் என்றால் பெரும்பாலும் இந்தக் கடிதத்தோடு அடங்கிவிடுவான். கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்கலாம், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நான்காவது வழி. பொய்யான கூற்றாலோ, துன்புறுத்தும் நோக்கில் அந்தரங்கத் தகவலை வெளியிட்டதாலோ பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்துக்கு மனுவும் சத்தியக்கடதாசியும் கொடுத்து, பரவுவதைத் தடுக்கும் கட்டளை கேட்கலாம். நட்டஈட்டு வழக்கைவிட வேகமான பாதை. ஆனால் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட சட்டம் இது, திருத்துவதாக அரசாங்கமும் சொல்லியிருக்கிறது. கையில் எடுக்கும் முன் இன்றைய வடிவத்தைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

மத்தியஸ்த சபைக்குச் செலவில்லை, சட்டத்தரணிகளும் வாதாட வரமாட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள், விஷயம் வெறும் வாய்ப்பேச்சு என்றால் சரி. தோட்டத் தலைவர் வீட்டுப் பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்லாமலும் இருக்க முடியாது. இதுவரை கேள்விப்படாத பத்துப் பேரும் அங்கே கேள்விப்படுவார்கள், கடைசியில் "பிள்ளையின் போனை வாங்கி வையுங்கள்" என்று முடியும். பதிவு அங்கேயே இருக்கும்.

பதிவை இறக்குவது பேஸ்புக்கும் அந்த ஆப்பும்தான். ரிப்போர்ட் அடிப்பதற்கு ஒரு சதம் செலவில்லை, எதிராளி எந்த நாட்டில் இருந்தாலும் வேலை செய்யும். அந்தரங்கப் படம் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏறினால் தடுக்கப்படும். ரிப்போர்ட் செய்யத் தெரியாவிட்டால் ஹிதவதி என்ற உள்ளூர் உதவிச் சேவையைக் கேட்கலாம்.

ஆனால் ரிப்போர்ட் அடிக்கும் முன் சாட்சியத்தை எடுங்கள், இறங்கிய பிறகு கையில் ஒன்றும் இருக்காது. ஸ்கிரீன்ஷொட்டில் திகதியும் நேரமும் தெரியட்டும். அந்தப் பதிவின் லிங்கையும் ப்ரொஃபைல் லிங்கையும் தனியே கொப்பி பண்ணி வையுங்கள், பேஸ்புக்கில் பெயரை மாற்றினாலும் கணக்கின் இலக்கம் மாறாது. வாட்ஸ்அப்பில் அவனை "லூசு" என்று சேவ் பண்ணியிருந்தால் ஸ்கிரீன்ஷொட்டில் "லூசு" என்றுதான் விழும், நம்பர் விழாது. கொன்டாக்ட் பக்கத்தைத் திறந்து நம்பர் தெரிய இன்னொன்று எடுங்கள். பதிவைத் தன் போனிலேயே பார்த்த ஒருவரின் பெயரை எழுதி வையுங்கள், மூன்றாவது ஆளை எட்டியது என்பதற்கு அவர்தான் சாட்சி. பதிலுக்கு நீங்களும் தூஷணம் எழுதிவிட வேண்டாம், அந்த ஸ்கிரீன்ஷொட்டை அவனுடைய சட்டத்தரணி எடுத்துக்கொண்டு வருவார்.