தாதியருக்கான வெள்ளைச் சப்பாத்து: திருகோணமலைக் கடைகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

வார்ட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும், காலை இழுத்து நடக்கக் கூடாது, கட்டிலில் சாயக் கூடாது என்று பயிற்சிக் காலத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். காலில் கிடக்கிற சப்பாத்து அதற்கு இடம் கொடுக்குமா என்பதை யாரும் சொல்வதில்லை. நைட் என்றால் 12 மணித்தியாலம் அதே சப்பாத்துதான்.

டவுனில் வெள்ளைச் சப்பாத்து கேட்டால் பெரும்பாலும் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள்: குதிப்பக்கம் திறந்தது, லேஸ் இல்லாமல் காலை நுழைப்பது, லேஸ் கட்டுவது.

குதி திறந்தது போடக் கழற்ற லேசு, அவ்வளவுதான். பின்னால் பிடி இல்லாததால், அது கழன்று போகாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் கால்விரல்கள் மடங்கி இறுக்கிப் பிடிக்கும். காலடி குறுகும், நடை சரக் சரக்கென்று இழுபடும். டியூட்டி முடிகிற நேரத்தில் கெண்டைக்கால் கடுத்து, உடம்பு ஒரு காலில் சாய்ந்து, கை தானாகவே கட்டில் கம்பியைத் தேடும். பார்க்கிற நோயாளிக்கு அது அலட்சியமாகத் தெரியும். மேற்புறம் ஓட்டை போட்டதென்றால் பேச்சே வேண்டாம். கைதவறி விழுகிற ஊசிக்கும் சிந்துகிற இரத்தத்துக்கும் நேரே கீழே இருப்பது பாதம்தான்.

நுழைக்கும் வகை புதிதில் நன்றாகவே இருக்கும். பக்கத்து இலாஸ்டிக் தளர்ந்ததும் குதி மேலெழும்பத் தொடங்கும். மருந்து ட்ரொலியையோ நோயாளியோடு கட்டிலையோ தள்ளும்போது இது உடனே தெரியும்: காலில் ஊன்றல் கிடைக்காததால் இடுப்பு முன்னால் வளைந்து அந்த வேலையைச் செய்யும்.

எடுக்க வேண்டியது லேஸ் கட்டுவதுதான். நேரம் போகப் போகப் பாதம் வீங்கும், லேஸை ஒரு சுற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் லேஸ் இருந்தால் மட்டும் போதாது, கடையிலேயே சோதியுங்கள். குதிக்குப் பின்னாலுள்ள சுவரைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. முன்னையும் பின்னையும் பிடித்து மடித்தால் விரல்கள் மடிகிற இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாத வளைவுக்குத் தாங்கல் இல்லை, வைத்துவிடுங்கள். ஈரத்துணி போல முறுக்கினால் சுலபமாக முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதி அகலமாக, 2 முதல் 3 செ.மீ. உயரம் இருந்தால் போதும். நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடைவெளி வேண்டும். காலையில் போய் வாங்காதீர்கள். டியூட்டி முடிந்து, வழமையான சொக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

அடிப்பகுதிதான் இந்த ஊரில் அதிகம் ஏமாற்றுவது. பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையாலான அடி மெத்தென்று இருக்கும், ஆனால் ஈரக் காற்றில் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும். போடாமல் பெட்டியில் கிடந்தாலும் சிதையும். கடற்கரை ஊர்க் கடையில் பல காலம் கிடந்த சரக்கு என்றால் வெளியில் புதிது, போட்ட சில நாளில் துண்டு துண்டாக உதிரும். விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ, பொருக்கோ, மெல்லிய வெடிப்போ இருந்தால் கழிவு விலைக்கும் வேண்டாம். இவிஏ என்ற இன்னொரு வகை நுரையாலான அடி பாரம் குறைவு, ஆனால் அமுங்கினால் மெல்ல மெல்லத் தட்டையாகிவிடும். பிவிசி மலிவு, கடினம், பாரம். இவிஏ நடுவும் ரப்பர் அடியும் சேர்ந்தது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

சவர்க்காரத் தண்ணீரால் துடைத்த டைல்ஸில்தான் வழுக்கல் அதிகம். அடியிலுள்ள வெட்டுகள் விளிம்புவரை திறந்திருந்தால் தண்ணீர் வெளியேறும், மூடிய கோலமென்றால் உள்ளேயே நிற்கும். கடைத் தரையில் நாலு எட்டு வேகமாக நடந்து சத்தத்தையும் கேளுங்கள். டக் டக்கென்றோ கீச்சென்றோ கேட்டால், இரவு 2 மணிக்கு வார்ட் முழுக்க எழும்பும்.

சப்பாத்து செய்யாத வேலையும் உண்டு. கட்டில் இடுப்பளவுக்கு உயராவிட்டால் எதைப் போட்டாலும் முதுகு வளையும். கனுலா (நாளத்தில் ஏற்றும் மெல்லிய குழாய்) போடும்போது ஸ்டூலை இழுத்து உட்காருவதில் ஒரு குறையும் இல்லை. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நயோஷின் ஆய்வாளர்கள் சொன்ன எல்லை ஏறத்தாழ 16 கிலோ. வளர்ந்த ஒருவரைக் கட்டிலில் மேலே இழுப்பது அதைத் தாண்டும், இன்னொருவரைக் கூப்பிடுங்கள். திரும்பும்போது பாதத்தை ஊன்றியபடி உடம்பை முறுக்க வேண்டாம், எட்டு வைத்துத் திரும்புங்கள். நல்ல ரப்பர் அடி தரையை இறுகப் பிடிப்பதால் முறுக்கு முழங்காலுக்குப் போகும்.

முடிந்தால் இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், வியர்வை உலர ஒரு நாளாவது வேண்டும். வாடை மழையில் நனைந்தால் உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும். இடைக்கிடை சோடியை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கம் சரிந்திருந்தால், மேல்வெள்ளை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.