முதல் எஃப்பிஜிஏ போர்டு எது? பேசிஸ் 3, டிஇ10-லைட், டாங் நானோ 9கே: ராமநாதபுரம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, எஃப்பிஜிஏ கத்துக்கணும், எந்தப் போர்டு வாங்கட்டும்?" எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் டிஜிட்டல் சுற்றை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப். இணையத்தில் தேடினால் சிப்பின் கொள்ளளவை வைத்து வரிசைப்படுத்திய பட்டியல்கள்தான் கிடைக்கும். படிக்கத் தொடங்கும் ஒருவருக்கு முதல் ஒரு வருடம் இந்த மூன்றில் எந்தச் சிப்பின் கொள்ளளவும் போதும். வேறு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். உங்கள் லேப்டாப் அந்த மென்பொருளைத் தாங்குமா? போர்டிலேயே சுவிட்சும் விளக்கும் எத்தனை இருக்கின்றன? போர்டு போனால் இன்னொன்று வாங்கக் கட்டுப்படியாகுமா?

எண்களையும் சொல்லிவிடுகிறேன். டிஜிலன்ட்டின் பேசிஸ் 3-இல் இருப்பது ஆர்டிக்ஸ்-7 சிப், 20,800 லுக்கப் டேபிள்கள் (உள்ளீட்டுக்கேற்ற விடையைத் தரும் சிறு அட்டவணைகள், சுற்றுகள் இவற்றால்தான் உருவாகும்). டெராசிக்கின் டிஇ10-லைட்டில் மேக்ஸ் 10, சுமார் 50,000 லாஜிக் எலிமென்ட்கள் (அதே போன்ற டேபிளோடு ஒரு பிட் நினைவகமும் சேர்ந்த அலகு). சிபீட் தயாரிக்கும் டாங் நானோ 9கே-இல் கோவின் சிப், 8,640 லுக்கப் டேபிள்கள். இவற்றை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆர்டிக்ஸின் ஒரு டேபிளுக்கு ஆறு உள்ளீடு, மற்ற இரண்டிலும் நான்குதான்.

சோதித்துப் பார்க்க நம் ஊரிலேயே அருமையான பயிற்சி இருக்கிறது: பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலெழும். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி, படுத்த நிலையிலேயே 17 மீட்டர் உயரும். இதை ஒரு ஸ்டேட் மெஷினாக, அதாவது உள்ளீட்டைப் பார்த்து ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகரும் சுற்றாக, எழுதச் சொல்வேன். ரயில் தூக்குப்பகுதியில் நிற்கிறதா, கப்பல் வழி கேட்கிறதா, பூட்டு கழன்றதா, மேல் எல்லையைத் தொட்டதா, கீழே உட்கார்ந்ததா என்று ஐந்து உள்ளீடுகள். தூக்கும் மோட்டார், இறக்கும் மோட்டார், ரயில் சிக்னல், கப்பல் சிக்னல் என்று நான்கு வெளியீடுகள். இது கற்பனைப் பயிற்சிதான், அசல் பாலத்தின் கட்டுப்பாடு இதைவிடப் பல அடுக்கு பாதுகாப்பு கொண்டது. ஆனாலும் ரயில் மேலே இருக்கும்போது தூக்கும் மோட்டார் ஓடவே கூடாது என்ற ஒரு நிபந்தனையை ஓட்டையில்லாமல் எழுதிப் பழகினால் டிஜிட்டல் டிசைனில் பாதி கைவந்துவிடும்.

இந்தப் பயிற்சியில்தான் போர்டுகளின் குணம் தெரிகிறது. பேசிஸ் 3-இல் 16 சுவிட்ச், 16 எல்இடி, எண் காட்டும் நான்கு இலக்க செவன் செக்மென்ட் டிஸ்பிளே. ஐந்து சுவிட்சை ஐந்து உள்ளீடாக வைத்துக்கொண்டு, பாலத்தின் உயரத்தை 0 முதல் 17 வரை டிஸ்பிளேயில் ஓட விடலாம். வயர் ஒன்றும் வேண்டாம். டிஇ10-லைட்டிலும் அப்படியே: 10 சுவிட்ச், ஆறு இலக்கம். டாங் நானோவில் இரண்டே பட்டன், ஆறு எல்இடி. ஐந்து உள்ளீட்டுக்கு பிரெட்போர்டில் சுவிட்ச் சொருகியே ஆகவேண்டும். இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. பின்னுக்குப் புல்-அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 1-இல் நிறுத்தும் ரெசிஸ்டர்) கொடுப்பது, சுவிட்ச் துடிப்பதை வடிகட்டுவது, வெளியிலிருந்து வரும் சிக்னலை இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட் நினைவகம்) வழியாக உள்ளே எடுப்பது என்று எல்லாம் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டிவரும். ஆனால் முப்பது பேருக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு அந்த வயர் வேலை தாங்காது. அங்கே பேசிஸ் 3-உம் டிஇ10-லைட்டும்தான் சரி.

மென்பொருள்தான் பெரிய முட்டுக்கட்டை. எழுதிய டிசைனைச் சிப்புக்கு ஏற்ற கோப்பாக மாற்ற, பேசிஸுக்கு விவாடோ என்ற மென்பொருள் வேண்டும். உரிமக் கட்டணமில்லாத பதிப்பே போதும், ஆனால் வேண்டாத சிப் குடும்பங்களின் டிக்கை எடுத்த பிறகும் பல பத்து ஜிபி இடம் கேட்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமில்லை. கல்லூரியில் முழுக் கோப்பையும் இறக்கி, ஹார்ட் டிஸ்கில் வீட்டுக்குக் கொண்டுபோவதே வழி. டிஇ10-லைட்டுக்கான குவார்ட்டஸ் பிரைம் லைட்டில் மேக்ஸ் 10 கோப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால் சுமை நன்றாகக் குறையும். டாங் நானோவுக்கான கோவின் மென்பொருள் இவை இரண்டையும்விட மிகச் சிறியது. அதன் கல்விப் பதிப்புக்கு உரிமக் கோப்பும் தேவையில்லை. யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற திறந்தமூலக் கருவிகளிலும் இந்தச் சிப் ஓடும். நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் வைத்திருப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது டாங் நானோதான்.

போர்டை அமைக்கும்போது சிக்குகிற இடங்கள் வேறு வேறு. விவாடோவில் போர்டின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் பதற வேண்டாம், சிப் எண்ணைக் கொடுத்து, எந்தச் சிக்னல் எந்தப் பின்னில் என்று சொல்லும், டிஜிலன்ட் தரும் பின் கோப்பைச் சேர்த்தால் போதும். லினக்ஸில் கேபிள் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். டிஇ10-லைட்டில் டிசைனை ஏற்றும் யுஎஸ்பி பிளாஸ்டருக்கு விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், குவார்ட்டஸ் ஃபோல்டரில் உள்ள டிரைவரைக் கைகாட்டிவிட வேண்டும்.

டாங் நானோவில் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். அதன் எல்இடிகளும் பட்டன்களும் 1.8 வோல்ட் பேங்க்கில் (ஒரே மின்னழுத்தத்தில் இயங்கும் பின் தொகுதி) இருக்கின்றன. பின் கோப்பில் அவற்றுக்கு 3.3 என்று எழுதினால் தவறு. எல்இடி எரிய 0 அனுப்ப வேண்டும், 1 அனுப்பினால் அணையும். கிளாக் 52-ஆம் பின்னில், 27 மெகாஹெர்ட்ஸ். விளக்கை அரை விநாடிக்கு ஒருமுறை மாற்ற 1,35,00,000 எண்ண வேண்டும், அதற்கு 24 பிட் கவுண்டர். அதே நிரலை 50 மெகாஹெர்ட்ஸ் டிஇ10-லைட்டுக்குக் கொண்டுபோனால் 25 பிட், 100 மெகாஹெர்ட்ஸ் பேசிஸுக்கு 26 பிட். எண்ணை மாற்றிவிட்டுப் பிட் அகலத்தை மாற்ற மறந்தால் கவுண்டர் அந்த எண்ணை எட்டாமலே சுற்றிக்கொண்டிருக்கும், விளக்கு அசையாது.

இறால் பண்ணைக்கோ கடல்நீர் அளவீட்டுக்கோ அனலாக் சென்சார் மாட்ட நினைப்பவர்களுக்கு டிஇ10-லைட் வசதி, மேக்ஸ் 10-க்குள்ளேயே அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி இருக்கிறது. பேசிஸிலும் உண்டு, ஆனால் 0 முதல் 1 வோல்ட் வரைதான் எடுக்கும். டாங் நானோவுக்கு ஏடிசி சிப்பை வெளியே மாட்ட வேண்டும். பண்ணையில் ஏரேட்டரை ஓட்டி நிறுத்துவது மட்டும்தான் வேலை என்றால் எஃப்பிஜிஏ வேண்டாம், மைக்ரோகன்ட்ரோலரே போதும். எட்டு மைக்கை ஒரே நேரத்தில் கேட்டு ஒலி வரும் திசையைக் கணக்கிடுவது போன்ற வேலைக்குத்தான் இது. இன்னொன்று: அல்ட்ராசானிக் சென்சாரின் 5 வோல்ட் எக்கோவை மூன்றில் எந்தப் போர்டின் பின்னிலும் நேரடியாகக் கொடுத்தால் சிப் போய்விடலாம். எக்கோவுக்கும் பின்னுக்கும் நடுவே 1 கிலோ ஓம், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு 3.3-க்கு இறக்குங்கள்.

நம் கரையில் உப்புக்காற்றும் ஒரு கணக்கு. சாலிடர் செய்தபின் மிஞ்சும் ஃபிளக்ஸை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், ஃபிளக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பின்கள் பச்சை பூக்காது. டாங் நானோவின் விலை மற்றவற்றில் சிறு பங்குதான் என்பது இந்த இடத்தில் பெரிய ஆறுதல்.

ஆக, சொந்தமாக வாங்குபவர் டாங் நானோ 9கே வாங்கட்டும். கல்லூரி லேபுக்கு பேசிஸ் 3. அனலாக் வேலை உண்டென்றால் டிஇ10-லைட். ஐஐடி மெட்ராஸின் சக்தி என்ற திறந்தமூல பிராசசரை ஏற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஆர்ட்டி ஏ7 போர்டுக்குச் சேமியுங்கள், சக்தியின் ஆயத்த வடிவங்கள் அதற்குத்தான் வந்திருக்கின்றன.

பார்சல் வந்து சேரும்வரை ஐகாரஸ் வெரிலாக் (சிமுலேட்டர்), ஜிடிகே வேவ் (சிக்னல்களின் அலைவடிவம் காட்டும் மென்பொருள்) இரண்டையும் போட்டுக்கொண்டு பாலத்தை சிமுலேஷனில் ஓட்டுங்கள். ரயில் உள்ளீடு 1 ஆக இருக்கும்போது தூக்கும் மோட்டார் ஒரு கிளாக்கிலாவது 1 ஆகிறதா என்று, டிசைனைச் சோதிக்க எழுதும் டெஸ்ட்பெஞ்சையே சரிபார்க்கச் செய்யுங்கள்.