பறவைக் கணக்கெடுப்பில் ஆடியோமோத்: சில பருவங்கள் ஓடிய பிறகு

ஆளை அனுப்பாமல் கருவியைக் கட்டிவிட்டு வந்தால் வேலை மிச்சம் என்று நினைத்து, தானாக ஒலி பதியும் ஆடியோமோத் கருவியை வாங்குபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: வேலை மிச்சமாகாது. காட்டில் செய்ய வேண்டியதைக் கணினி முன் உட்கார்ந்து செய்ய வேண்டிவரும். அமிர்தி, ஜவ்வாது மலைச் சரிவு, காவேரிப்பாக்கம் ஏரிக்கரை என்று பழைய வட ஆர்க்காட்டின் வெவ்வேறு நிலங்களில் கருவியையும் ஆளையும் சேர்த்துப் பயன்படுத்தியதில் தெரிந்தவை இவை.

கருவிக்குத் தேவை மூன்று டபுள்-ஏ பேட்டரியும் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும்தான். மாதிரி வீதத்தை (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை) 32 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் 16 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவாகும். நம்மூர்ப் பறவைகளுக்கு அது தாராளம். ஒரு நிமிடப் பதிவு 3.84 எம்பி. காலை 5.30 முதல் 9.30 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று பதிந்தால் நாளுக்கு 48 நிமிடம், சுமார் 184 எம்பி. 32 ஜிபி கார்டு நிரம்ப ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும்.

பேட்டரி மாற்றும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கருவி தானாகப் பின்பற்றுவது யுடிசி நேரம், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம். கோப்பின் பெயரில் 003000 என்றிருந்தால் நமக்குக் காலை 6 மணி. இது தெரியாமல் அட்டவணை போட்டால் விடியற்காலைக்குப் பதிலாகப் பகல் 11 மணி வெயில்தான் பதிவாகும்.

காற்றிரைச்சலைக் குறைக்க, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹைபாஸ் வடிகட்டியை 1000 ஹெர்ட்ஸில் வைப்பவர்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் செண்பகத்தின் பூப்-பூப்பும் பாறைமேட்டுக் கொம்பன் ஆந்தையின் குரலும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. வடிகட்டியோடு அவையும் போய்விடும். பதிந்த பிறகு கணினியில் வடிகட்டலாம். காற்றுக்கு மறைவாக, ஆளுயரத்தில், தழை உரசாத தண்டில் கட்டுவதே மேல். ஜிப் பையில் போட்டால் பை விறைப்பாக இருக்கட்டும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு காற்றுக்கும் சரசரக்கும். எறும்பும் குரங்கும் தனிப் பிரச்சினை. மார்கழியில் ஊருக்கு அருகே கட்டினால் கோயில் ஒலிபெருக்கி விடியல் குரல்களை விழுங்கிவிடும்.

பறவைக் குரலை இனங்காணும் மென்பொருளான பேர்ட்நெட்டில் பதிவுகளைப் போட்டால் மூன்று மூன்று விநாடியாக வெட்டி, இனப்பெயரும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்ணும் தரும். 0.8 என்றால் 80 சதவீதம் சரி என்று பொருளல்ல. இனத்துக்கு இனம் அளவுகோல் மாறும். அட்சரேகை, தீர்க்கரேகை, வாரம் மூன்றையும் கொடுத்தால் இங்கே வரவே வராத பறவைகள் பட்டியலிலிருந்து விலகும். அதன் பிறகும் ஒவ்வோர் இனத்திலும் உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த மதிப்பெண் துண்டுகளைக் காதால் கேட்டுத்தான், எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று வரம்பு வைக்க வேண்டும். இரட்டைவால் குருவி என்ற கரிச்சான், வல்லூறு போலக் கத்தினால் மென்பொருள் வல்லூறு என்றே எழுதிவைக்கும். கரிச்சான் வாயிலிருந்து அது வருவதைக் கண்ணால் பார்த்தவர் ஏமாறமாட்டார்.

ஒரே குக்குறுவான் நாற்பது முறை குடுக் குடுக் என்றதா, நான்கு பறவைகளா என்பதும் ஒற்றை மைக்குக்குத் தெரியாது. எத்தனை பறவை, எவ்வளவு தூரம் என்பதற்கு ஆள்தான். காவேரிப்பாக்கத்தில் நத்தைகுத்தி நாரைகளும் வாத்துகளும் பெரும்பாலும் சத்தமின்றி மேயும்போது கருவியால் ஒரு பயனும் இல்லை. பக்கி, ஆந்தை, விடிவதற்கு முன் கத்தும் கௌதாரி என்று வரும்போது நிலைமை தலைகீழ். இரவில் தினமும் அங்கே நிற்க ஆள் கிடைக்காது, கருவி நிற்கும்.

இரண்டையும் ஒப்பிட விரும்பினால் ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள். 50 மீட்டர் வட்டத்தின் நடுமரத்தில் கருவி, அதன் அடியில் ஆள், பத்து நிமிடம், இடைவெளியில்லாத பதிவு. தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் இரு நேரத்தையும் பொருத்தலாம். ஆள் ‘கண்டது’, ‘கேட்டது’ என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பதிவைக் கேட்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் காட்டில் பார்த்த நினைவே பதிவிலும் ‘கேட்கும்’. அனுபவசாலியானாலும் வயதானவருக்குத் தேன்சிட்டின் மெல்லிய உயர்குரல் தப்பலாம். பதிவில் அதை, ஒலியை வரைந்து காட்டும் நிறமாலைப் படமாகவே பார்த்துவிடலாம்.

காப்புக்காட்டில் எதைக் கட்டுவதற்கும் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். விறகு பொறுக்க வருபவர்களின் பேச்சும் பதிவாகும். அந்தத் துண்டுகளை யாருக்கும் பகிராமல் அழித்துவிடுங்கள். குழுவில் நல்ல பைனாகுலர் இன்னும் இல்லையென்றால், கையிலுள்ள பணத்துக்கு முதலில் அதை வாங்குங்கள்.