மார்க் ஆஃப் தி நிஞ்ஜா: சத்தம் கண்ணுக்குத் தெரியும் கேம்

மறைந்து விளையாடும் ஸ்டெல்த் கேம்களில் கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மூலையில் பதுங்கியிருப்போம். திடீரென்று அலாரம் அலறும். யார் பார்த்தான், எங்கிருந்து பார்த்தான், எதைக் கேட்டான் என்று ஒன்றும் விளங்காது. 1998-இல் வந்த டென்ச்சு என்ற நிஞ்ஜா கேம், எதிரி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்பதை ஒரு எண்ணாகக் காட்டி இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. மீதியைத் தீர்த்தது, கனடாவின் க்ளெய் என்டர்டெயின்மென்ட் 2012-இல் கொண்டுவந்த மார்க் ஆஃப் தி நிஞ்ஜா. பக்கவாட்டில் நகரும் 2டி கேம்தான். ஆனாலும் மாட்டிக்கொண்டால் ஏன் மாட்டினோம் என்று இந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் ஸ்டெல்த் கேம் இன்றும் அரிது.

இதில் சத்தம் ஒரு வட்டம். ஓடினால் காலடியிலிருந்து வட்டம் விரியும். அது காவலாளியைத் தொட்டால் அவன் திரும்புவான், தொடாவிட்டால் திரும்பமாட்டான். பதுங்கி நடந்தால் வட்டமே இல்லை. விளக்கை உடைப்பது, உயரத்திலிருந்து குதிப்பது என எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. வெளிச்சமும் அப்படித்தான். இருட்டில் நிஞ்ஜா வெறும் கறுப்பு உருவம், ஓரத்தில் மட்டும் சிவப்பு. வெளிச்சத்துக்கு வந்தால் உடையின் நிறம் முழுதாகத் தெரியும். அரைகுறை இருட்டு என்ற குழப்பத்துக்கே இடமில்லை.

நம் பார்வைக்கும் எல்லை உண்டு. கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது மங்கலாகவே இருக்கும். அங்கிருக்கும் காவலாளியின் காலடி வட்டம் மட்டும் கேட்கும், அதாவது தெரியும். நம்மை ஒருவன் பார்த்துவிட்டால், கடைசியாகப் பார்த்த இடத்தில் நம் நிழலுருவம் ஒன்று நிற்கும். தேடுபவர்கள் அந்த உருவத்தை நோக்கித்தான் வருவார்கள். அதைத் தூண்டிலாக வைத்து, வருகிறவனை மேலிருந்து தாக்குவது இந்த கேமின் முதல் பாடம்.

குறிபார்க்கும்போது காலம் உறைந்துவிடும். மூங்கில் ஊசிகள் தீர்வதே இல்லை. ஒன்றை விளக்குக்கும் இன்னொன்றை மணிக்கும் குறித்துவிட்டுக் காலத்தை ஓடவிட்டால் இரண்டும் அடுத்தடுத்துப் பாயும். புதிதாக ஆடுபவர்கள் கண்ணில் பட்ட விளக்கையெல்லாம் உடைப்பார்கள். அதுதான் தவறு. உடையும் சத்தத்துக்கு ஆள் வருவான், டார்ச்சோடு வந்தால் உடைத்த பலனும் போச்சு. எந்த விளக்கு நம் வழியில் இருக்கிறதோ அதை மட்டும், காவலாளி முதுகு காட்டி நடக்கும்போது உடைப்பது நல்லது.

சத்தமின்றிக் கொல்ல, நெருங்கியதும் திரையில் தோன்றும் திசையையும் தாக்கும் பட்டனையும் சரியாக அழுத்த வேண்டும். திசை தப்பினாலும் ஆள் சாவான், ஆனால் அலறிக்கொண்டே சாவான். பிணத்தை அப்படியே விட்டால் அடுத்து வருபவன் பார்ப்பான். குப்பைத்தொட்டியிலோ இருட்டிலோ போட்டாக வேண்டும். இதற்கு நேரெதிரான வழியும் உண்டு: தொங்கும் இடத்திலிருந்து உடலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. அதைப் பார்ப்பவன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுடுவான், பல நேரம் சொந்த ஆளையே. ஒரு துளி ரத்தம் நம் கையில் படாமல் அறை காலியாவதுண்டு.

இவ்வளவு அழகான கொலைக் கருவிகளைக் கொடுத்துவிட்டு, யாரையும் கொல்லாமல் லெவலை முடித்தால் பெரிய போனஸ் தருகிறது கேம். முரண்தான். ஆனால் கொல்லாமல் போவதுதான் லெவல்களின் உண்மையான வடிவத்தைக் காட்டும். காற்றுக்குழாய்களும் கூரைகளும் எதற்காக வைக்கப்பட்டன என்பது அப்போதுதான் புரியும். அதற்குத் தோதான உடை அமைதியின் பாதை. ஓடினாலும் சத்தம் வராது, கவனம் திருப்பும் கருவிகள் இரண்டு கிடைக்கும், வாள் மட்டும் கிடையாது. ஒவ்வொரு லெவலிலும் மூன்று ஸ்கோர் இலக்குகள், மூன்று சவால்கள், ஒளித்துவைத்த மூன்று சுருள்கள். சுருள்களில் இருப்பவை நம் நிஞ்ஜாவின் ஹிசோமு குலத்தின் பழங்கதையைச் சொல்லும் ஹைக்கூக்கள். கவிதை பிடிக்காதவர்களும் எடுத்துவிடுங்கள், மேம்பாடுகளை வாங்கும் புள்ளிகள் அதிலும் இருக்கின்றன.

இனி குறைகள். முதலாவது, பட்டன்கள். மறைவிடத்தில் நுழைவது, சுவரோரம் ஒட்டிக்கொள்வது, உடலைத் தூக்குவது என்று பல வேலைகள் ஒரு சில பட்டன்களிலேயே நெரிசலாக உட்கார்ந்திருக்கின்றன. செடிக்குப் பின்னால் ஒளிய நினைத்து அழுத்தினால், காலடியில் கிடக்கும் பிணத்தை நிஞ்ஜா தூக்கிவிடுவான். விளிம்புகளில் ஏறும்போதும் இதே தொல்லை: சுவரிலிருந்து கூரைக்குத் தாவ நினைப்போம், அவன் சுவரிலேயே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பான். வேறொரு கேமில் இது சின்னக் குறை. தவறெல்லாம் உன்னுடையது என்று வாக்குக் கொடுத்த கேமில் பட்டன் செய்யும் தவறு இரண்டு மடங்கு உறுத்துகிறது. தீர்வு எளிது, ஆனால் நடையைக் கெடுக்கும்: மறைவிடத்துக்குப் பக்கத்தில் பிணம் விழாதபடி கொலையைத் திட்டமிடுங்கள், விளிம்புகளில் அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது, நேருக்கு நேர் சண்டை. அடித்துக் கீழே தள்ளி, பிறகுதான் முடிக்க முடியும். அதற்குள் அடுத்தவன் சுட்டுவிடுவான். துப்பாக்கிக்கு முன் நிஞ்ஜா நொடியில் விழுவான். இது வேண்டுமென்றே செய்தது, குறையென்று சொல்ல மனமில்லை. காவலாளிகளின் மறதி அப்படியல்ல. கூட்டாளி காணாமல் போன பிறகும், கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒன்றும் நடக்காதது போலப் பழைய ரோந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். காற்றுக்குழாயில் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் எந்தக் களேபரமும் அடங்கிவிடும் என்று தெரிந்த பிறகு பதற்றம் குறைகிறது.

பிற்பகுதியில் லேசர் பொறிகள் நிறைந்த சில அறைகளுக்கு ஒரே ஒரு விடைதான். அதுவரை கிடைத்த சுதந்திரம் அங்கே சுருங்கிவிடுகிறது. கதை சுமார் 8 முதல் 10 மணி நேரம் ஓடும். பச்சை குத்திய மை சக்தி தரும், கூடவே புத்தியையும் தின்னும் என்ற கரு வலுவானது. துணைக்கு வரும் ஓரா என்ற பெண்ணை ஆரம்பத்திலிருந்தே கவனித்துப் பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் முடிவு கெட்டுவிடும்.

எதை வாங்குவது என்றால், 2018-இல் மெருகேற்றி வெளியிட்ட ரீமாஸ்டர் பதிப்பைத்தான். பச்சை குத்துபவரான டோசனின் கதையைச் சொல்லும் கூடுதல் லெவலும் அதில் சேர்ந்தே வருகிறது. அந்த லெவலில் கொல்லாமல் மயக்கமடையச் செய்யலாம். ஆனால் பட்டன் நெரிசல் அதிலும் தீரவில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலைக் கையில் வைத்து ஆடுபவர்கள் வெயிலில் ஆடவேண்டாம். திரையில் பாதி எப்போதும் இருட்டு.

ஒருமுறை முடித்தவர்கள், மறுபடி முதலிலிருந்து கடினமாக ஆடும் நியூ கேம் ப்ளஸ்ஸைத் தொடாமல் விட்டுவிடாதீர்கள். அங்கே சத்த வட்டங்கள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் நடப்பதும் தெரியாது, திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. எந்தத் தாவலுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதை முதல் ஆட்டத்தில் கண்ணால் பார்த்துப் பழகியவர்களால் மட்டுமே இரண்டாம் லெவலைத் தாண்டி நிம்மதியாகப் போக முடியும்.